இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கோத்தகிரி பழைய பேப்பர் கடையில்
கிலோ பதினாறு ரூபாய் என்று
எடைக்கு வாங்கியது.
அட்டை இல்லை. பெயர் இல்லை.
எழுதியவர் யாரென்று சொல்லும் தாளில்
எவரோ மிக்சர் மடித்திருக்கலாம்.
நேராக ஒரு தோணித்துறையில் தொடங்கிவிடுகிறது கதை,
நாம் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் என்பதுபோல.

ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டில்
தீப்பெட்டிகூடத் தலையணைக்கு அடியில்தான் தூங்கும்.
பசை இளகி
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு
புத்தகம் இரண்டாகப் பிரிந்தது,
சத்தம் போடாமல் பாகம் பிரித்துக்கொண்ட
அண்ணன் தம்பி மாதிரி.

"பின்பாதியை எனக்குத் தா" என்றாள் ருக்கி.
"தொடக்கம் வேண்டாம்.
தொடக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள்."

ஆறு ஐம்பது பஸ்.
கட்டபெட்டில் அவள் ஏறுவாள்,
ஸ்வெட்டரில் கோத்த மழைத்துளிகளோடு.
குன்னூர் வரைக்கும் எங்களுக்கு நேரம்.
பிறகு அவள் தேயிலை ஏலக் கணக்குக்கு,
நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க.

"உன் அருமைநாயகம் எப்படி இருக்கிறான்?"
"தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறான்,
நாலு பக்கமாக."
"எனக்கு அவன் சுவரில் இருக்கிறான்" என்றாள்.
"பிளாஸ்டிக் மாலை. ஆடிக்கு ஒருமுறை துடைக்கிறார்கள்."

அதற்குப் பிறகு
அவனை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
கடன் சொல்லிச் செருப்பு வாங்குகிறான்.
நாலு வருஷம் உழைக்கும் என்கிறான் கடைக்காரன்.
வாய்விட்டே திட்டிவிட்டேன்,
உனக்கு எதற்கடா நாலு வருஷம் என்று.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ருக்கிக்கு எழுதியவர்மேல் கோபம்.
"பத்து வருஷம் கழிந்தது என்று ஒரே வரி!
கவாத்து வெட்டினாற்கூட
குச்சியாவது நிற்கும்."
எனக்கும்தான்.
என் பாதியில் பத்தொன்பது பக்கம் மழை,
அத்தனையும் அழகான மழை.
ஒருநாள்கூடத் துணி காயப் போடாத ஆள்
எழுதின மழை.

ஆனாலும் படித்தோம்.
அவள் அடுப்படியில் நின்றபடி,
நான் ராத்திரி இரண்டு போர்வைக்குள்,
விரலை மட்டும் வெளியே விட்டு.
என் கதையில் பிறக்காத பிள்ளைக்கு
அவள் கதையில் கல்யாணம்.
அவளுக்கு வெறும் பெயராக வந்துபோன கிணற்றில்
எனக்குத் தண்ணீர் இருந்தது.

உறைபனி தொடங்கிய வாரம்,
வண்டிச்சோலைக்கு முன்னால்
ரோட்டின் நடுவே ஒரு காட்டெருமை.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
யாருக்கும் அவசரம் காட்டத் துணிவில்லை.

ருக்கி சொன்னாள்:
"புஷ்பம் இருக்கிறாளே, அவன் பெண்டாட்டி,
முப்பது வருஷமாக ஒன்றையே சொல்கிறாள்.
அன்றைக்குச் சண்டை போட்டுவிட்டு
வெறும் வயிற்றோடு போனானாம்.
அவன் போனது இல்லை அவளுக்கு,
சாப்பிடாமல் போனதுதான்.
பேரன் தட்டில் சோறு மிஞ்சினால் அழுகிறாள்.
அந்தப் பாட்டை எழுதி எழுதி
எனக்கே நெஞ்சு அடைக்கிறது."

என் பையிலிருந்த முன்பாதியை எடுத்தேன்.
இருநூற்று ஒன்பது.
முந்தின ராத்திரிதான் படித்தேன்,
ஒன்றுமில்லாத பக்கம் என்று தள்ளிவிட இருந்தேன்.

"சாப்பிட்டான் ருக்கி."

"என்ன?"

"தோணித்துறைக் கடையில்.
சாளைக் குழம்பு.
இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்டு வாங்கினான்.
கை கழுவின பிறகும்
விரலை மோந்து பார்த்துக்கொண்டான்.
இங்கே இருக்கிறது, பார்."

அவள் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.
ஜன்னல் கண்ணாடியை
சேலைத் தலைப்பால் துடைத்தாள்,
வெளியே பனியைத் தவிர எதுவுமில்லை என்று தெரிந்தும்.

பின்னால் நின்ற கண்டக்டர் மணலன்,
எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ,
டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"அதை அந்த அம்மாகிட்ட
யாரு சொல்றது இப்ப?"

காட்டெருமை நகர்ந்தது.